பொத்தான் டப்பா

உங்கள் சட்டையில் மூன்றாவது பொத்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது, ஐயா. தைத்தவர் அடியில் நூலைச் சுற்றி முடிச்சுப் போடாமல் விட்டிருக்கிறார். இன்னும் இரண்டு சலவை தாங்காது. என் ஊசியும் நூலும் வாசலில் இருக்கும் பெண் காவலரிடம் இருக்கின்றன. கொடுக்கச் சொன்னால் பேசிக்கொண்டே தைத்துவிடுவேன். வேண்டாமா? சரி. கையில் வேலை இருந்தால் எனக்குப் பேச்சு கோர்வையாக வரும், அதற்காகக் கேட்டேன்.

நான் துணி திருத்துகிறவள். புதிதாக எதுவும் தைப்பதில்லை. தொளதொளவென்று இருந்தால் பிடித்துக் கொடுப்பேன், உடம்பு பெருத்துவிட்டால் பிரித்து விட்டுக் கொடுப்பேன். வீட்டின் முன்னறையில் ஜன்னலோரம் மேசை. அங்கிருந்து பார்த்தால் பேருந்து நிற்குமிடம் தெரியும். என் தங்கை காலையில் அதில் ஏறிக் கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போவாள், பொழுது சாய்ந்ததும் அதிலேயே வந்து இறங்குவாள். அம்மா போன பிறகு நாங்கள் இருவரும் மேஸ்திரியும்தான்.

மேஸ்திரி என்பது பூனை. தங்கை வைத்த பெயர். யார் என்ன வேலை செய்தாலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பான், தான் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடமாட்டான். வெளியே உங்கள் ஆட்கள் சிரித்ததைக் கேட்டேன். "பூனைக்கெல்லாமா சார் கேஸு?" என்றார் ஒருவர். இன்னொருவர் என்னைக் காட்டி, "இந்தப் பூனையும் பால் குடிக்குமாங்கிற மாதிரி உக்காந்திருக்காங்க பாரு" என்றார். எனக்குக் கோபமில்லை. சின்ன வயதிலிருந்தே என்னைப் பார்க்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

பூனைக்கு வயதாவது வெளியே தெரியாது, ஐயா. முதலில் மேசைமேல் தாவுவதை நிறுத்தினான். கொழுப்பு என்று நினைத்தோம். மூட்டு வலியாம். பிறகு தின்பதைப் பாதி வாயிலிருந்து நழுவவிட்டான். ஈறு அழுகியிருந்தது, இரண்டு பற்களைப் பிடுங்கினார்கள். அதற்குப் பிறகுதான் அந்தப் பசி வந்தது. தட்டை நக்கிவிட்டு அடுத்த தட்டுக்குக் கத்துவான். "கெழவனுக்கு இப்பதான் வயசு திரும்புது பாரு" என்று தங்கைக்கு ஒரே சந்தோஷம். எனக்கு அப்போதே சந்தேகம். என் கை அளவெடுக்கும் கை. தடவிக் கொடுக்கும்போது முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது.

விலங்கு மருத்துவமனை டாக்டரம்மா அவன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிட்டார். "இங்க ஒரு சுரப்பி வீங்கியிருக்கு. அது உடம்பை ஓய்வில்லாம ஓட விடுது. தின்னுறதெல்லாம் எரிஞ்சு போயிடும், நெஞ்சுக்கும் கெடுதல். காலையில ஒரு மாத்திரை, சாயங்காலம் ஒண்ணு. ஒழுங்கா குடுத்தீங்கன்னா இன்னும் பல வருஷம் நல்லா இருப்பான்."

"வயசாயிடுச்சே டாக்டர்" என்றாள் தங்கை.

"வயசு நோய் இல்லைம்மா. வயசாச்சு வயசாச்சுன்னே நெறைய பேர் கோட்டை விட்டுடறாங்க. பூனை வலியைக் காட்டாது, ஒளிச்சு வச்சுக்கும். நாமதான் பாத்துக்கணும். யாரு மருந்து குடுக்கப்போறீங்க?"

"அக்காதான். அவளுக்குப் பழக்கம் டாக்டர். அம்மா படுத்த படுக்கையா இருந்தப்போ எல்லாம் அவதான் பாத்தா."

அந்த டாக்டரம்மாவை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. நல்ல பெண். முதலில் கொஞ்ச காலம் ஒழுங்காகக் கொடுத்தேன். மீன் துண்டைக் கீறி உள்ளே மாத்திரையை வைத்தால் மென்று விழுங்கிவிடுவான். முதுகில் சதை ஏறத் தொடங்கியது.

அந்த நேரத்தில்தான் லிஃப்ட் மெக்கானிக் வந்தார். படிக்கிற கண்ணாடி வாங்கத் தங்கையின் கடைக்கு வந்தவர். பிறகு அதன் கால் இறுக்குகிறது, தளர்கிறது என்று அடிக்கடி வந்தாராம். பத்து மாடி லிஃப்டைக் கழற்றி மாட்டுகிறவருக்கு அந்தச் சின்னத் திருகாணி மட்டும் பிடிபடவில்லை. நல்ல மனிதர்தான், நான் குறை சொல்லமாட்டேன். அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது.

தங்கை தட்டுகளைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். "அக்கா, மேஸ்திரிக்கு உடம்பு தேறட்டும். தேறினதும் அவனையும் தூக்கிக்கிட்டு நான் அங்க போயிடலாம்னு இருக்கேன். நீயும் வாயேன்."

உபசாரத்துக்குச் சொன்னது என்று எனக்குத் தெரியாதா? "பாக்கலாம்டி" என்றேன். பேருந்து வரும், நிற்கும், யார் யாரோ இறங்குவார்கள், அவள் இறங்கமாட்டாள். அதைப் பார்த்துக்கொண்டு அந்த ஜன்னலோரம் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். தனியாக இருக்க எனக்குப் பயம், ஐயா. இருட்டுக்கோ திருடனுக்கோ நான் பயப்படுகிறவள் இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்க ஆள் இல்லாத வீட்டுக்குத்தான் பயம்.

ஊரைவிட்டுப் போக அவள் முன்பும் ஒருமுறை பெட்டி கட்டியிருக்கிறாள். கண்களைச் சோதிக்கும் படிப்புக்கு வெளியூரில் இடம் கிடைத்திருந்தது. புறப்படும் வாரத்தில் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறி ஒரு பக்கம் விழுந்துவிட்டது. படிப்பு போயிற்று. பெட்டியைப் பிரித்து அவள் துணிகளை நானே அலமாரியில் அடுக்கினேன். அம்மா படுக்கையில் கிடந்த காலம் முழுக்க நாங்கள் மூவரும் ஒன்றாகத்தான் இருந்தோம். மேஸ்திரி அம்மாவின் காலடியில் சுருண்டு கிடப்பான். அது நல்ல காலம்.

அவள் அதைச் சொன்ன மறுநாள் காலையில் மீன் துண்டைக் கீறினேன், மாத்திரையை உள்ளே வைக்கவில்லை. வெறும் மீனைக் கொடுத்தேன். மாத்திரையைக் குப்பையில் போட மனம் வரவில்லை. நல்ல மருந்து. பின்னால் எப்போதாவது கொடுத்துக்கொள்ளலாம் என்று பொத்தான் டப்பாவில் போட்டேன். உதவும் என்று எடுத்து வைப்பதெல்லாம் அதில்தான் போடுவேன்.

ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். நான் அவனுக்குக் கெடுதலாக எதையும் கொடுத்ததில்லை. கொடுக்கவேண்டியதைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அதையும் அளவோடு செய்தேன். அவன் தேறினால் அவள் போய்விடுவாள், செத்தாலும் போய்விடுவாள். அதனால் மிகவும் இளைத்தால் மாத்திரை கொடுப்பேன், சதை பிடித்தால் நிறுத்துவேன். பிடிப்பதும் விடுவதும் என் தொழில்தானே. ரத்தம் எடுக்கப்போகும் வாரங்களில் மட்டும் தவறாமல் கொடுப்பேன். டாக்டரம்மா முடிவைப் பார்த்து, "மருந்து கேக்குது, ஆனா உடம்பு ஏன் ஏற மாட்டேங்குதுன்னுதான் தெரியலை" என்று நெற்றியைத் தேய்த்துக்கொள்வார். பாவமாக இருக்கும்.

மெக்கானிக் தொலைபேசியில் கேட்பார். தங்கை, "அடுத்த மாசம் பாக்கலாம்" என்பாள். அடுத்த மாதமும் அதையே சொல்வாள். மழை வந்து போயிற்று, வெயிலும் வந்து போயிற்று.

அவன் பட்டதை மறைக்கப் போவதில்லை. எவ்வளவு தின்றாலும் பசி அடங்காது. தின்பான், கக்குவான், மறுபடி தட்டைத் தேடுவான். தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகரமாட்டான். சிறுநீரகமும் கெட்டுவிட்டது என்றார்கள். மார்பில் கை வைத்தால் தையல் இயந்திரம் ஓடுகிற மாதிரி அடித்துக்கொள்ளும். ஒரு காலையில் அவன் என் மேசைக்காலில் வந்து முட்டினான். விலகிப்போய் மறுபடியும் முட்டினான். கண்மணி இரண்டும் விரிந்து கறுப்பாகக் கிடந்தன. ரத்த அழுத்தம் ஏறிக் கண்ணுக்குள் விழித்திரை கழன்றுவிட்டதாம். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிடும் என்று நினைக்குமாம், கேட்டிருப்பீர்கள். இவன் திறந்தே வைத்திருந்தான். அந்த வாரம் என் கணக்குத் தப்பிவிட்டது.

தங்கை அவனை மடியில் போட்டு அழுதாள். நானும் அழுதேன். பிறகு அவள் தொலைபேசியை எடுத்து, "என்னை எதிர்பாக்காதீங்க. இவனை இப்படி வச்சுக்கிட்டு என்னால வர முடியாது" என்றாள். நான் சமையலறையில் நின்று கேட்டேன். உண்மையைச் சொல்வதற்குத்தானே வந்திருக்கிறேன்: அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது. வயிறாரச் சாப்பிட்டேன்.

கண் போன பிறகும் என் காலடிச் சத்தம் கேட்டால் எழுந்து வருவான். தங்கை கொடுத்தால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்வான். என் கையிலிருந்துதான் வாங்குவான்.

கடைசியில் எழுந்து நிற்க முடியவில்லை. டாக்டரம்மாவே, "போதும்மா, இனிமே அவனைக் கஷ்டப்படுத்த வேணாம்" என்றார். ஊசி போடும்போது நான்தான் தலையைப் பிடித்துக்கொண்டேன். என் விரலில் மீன் வாசனை இருந்திருக்கும், நக்கினான். "நீங்க உங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சீங்க" என்று டாக்டரம்மா என் தோளைத் தொட்டார். நான் தலையாட்டினேன்.

மெக்கானிக் அன்றைக்கே பஸ் பிடித்து வந்தார். பின்சுவர் ஓரமாகக் குழி தோண்டி மூடினார். "இனிமேலாவது வா" என்று என் காது கேட்கவே தங்கையிடம் சொன்னார். அவள் பரண்மேலிருந்து பெட்டியை இறக்கினாள்.

நான் தைத்த துணியைக் கொடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அவள் என் மேசையில் உட்கார்ந்திருந்தாள். பயணத்துக்கு எடுத்து வைத்த சட்டையில் கழுத்துப் பொத்தான் இல்லையாம். டப்பா திறந்திருந்தது. உள்ளங்கை நிறைய அள்ளி வைத்திருந்தாள்.

"அக்கா, இது என்ன?"

"பட்டன்."

"நடுவுல கோடு போட்ட பட்டனா?"

"ஒண்ணு ரெண்டு மறந்திருப்பேன்டி."

"ஒண்ணு ரெண்டா இது?" குரலை உயர்த்தவே இல்லை. "அவன் கண்ணு போனப்போ என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நீயும் அழுதியே அக்கா."

"அழுதது பொய்யில்லை" என்றேன். அதுதான் உண்மையும்கூட. அவள் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் ஏறியதும் பேருந்து போய்விட்டது. அன்று மாலை வந்த பேருந்தில் அவள் இறங்கவில்லை. நேற்றும் இறங்கவில்லை.

நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினீர்கள். வளர்த்த பிராணிக்கு மருந்து கொடுக்காமல் துன்புறுத்தியது. சரியாகத்தான் இருக்கிறது, கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கிறது. எழுதினால் எல்லாவற்றையும் எழுத வேண்டும், அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

அதோ உங்கள் மேசைமேல்தான் டப்பா இருக்கிறது. அவள் மேலாகக் கிடந்ததைத்தான் அள்ளிப் பார்த்தாள். பாதிக்குக் கீழே வட்டமாக வெட்டிய துணி ஒன்று போட்டிருக்கிறேன், கலந்துவிடக் கூடாதென்று. அதை எடுங்கள். மேலே உள்ள வெள்ளையெல்லாம் மேஸ்திரியுடையவை. அடியில் ரோஜா நிறத்தில் இருப்பவை அம்மாவுடையவை. பழசு, கொஞ்சம் பொடிந்திருக்கும். எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள், ஐயா. ஒன்றைக்கூட நான் வீணாக்கவில்லை.