டாக்டர் ஆனந்தராஜ் சொன்ன வெள்ளை ரோடு

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் டாக்டர் மாசிலாமணி அவர்களே, அவர் பக்கத்தில் கைகட்டி அமர்ந்திருக்கும் எங்கள் மாதா கோயில் உபதேசியார் சவுரிராயன் அவர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் டாக்டரின் துணைவியார் கவிதா அம்மா, திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் கலங்கி வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் அமலோற்பவமேரி. மூன்றாம் வகுப்போடு நின்றவள். மேடையில் பேசத் தெரியாது. ஆனால் எதையும் மறக்கத் தெரியாது. மனநல மருத்துவர் ஆனந்தராஜ் அவர்களிடம் என் பேத்தியைக் கொண்டுபோனவள் என்ற உரிமையில் இங்கே நிற்கிறேன்.

முந்தாநாள் காலை அவர் திண்டிவனத்தில் பஸ் ஏறியிருக்கிறார். ஜன்னலோர சீட்டு. கூட்டேரிப்பட்டில் ஏறியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறார். விழுப்புரத்தில் கண்டக்டர், "சார், ஸ்டாண்டு வந்துட்சி, எறங்குங்க" என்று தோளைத் தொட, தலை சாய்ந்துவிட்டது. எந்த இடத்தில் நின்றது அந்த இதயம்? தோளோடு தோள் உரசி வந்தவருக்கே தெரியவில்லையே. தூங்குகிறார் என்று நினைத்தாராம். ஐம்பது தாண்டாத மனிதர். போன வாரம்தான், "ஆயா, நீங்க இளைச்சிட்டீங்க, உங்களையும் எடை போடணும்" என்று சிரித்தார். அவரா போனார்? நேற்று எரியூட்டும்போது நானும்தான் நின்றேன். இன்னும் அந்தச் செய்தி எனக்குள் இறங்கவில்லை.

என் பேத்தி ஜெர்லின் கடைசி வரிசையில் இருக்கிறாள். "என்னப் பத்திப் பேசி பேஜார் பண்ணாத ஆயா" என்று சொல்லித்தான் அனுப்பினாள். பேசத்தான் போகிறேன்.

இரண்டாயிரத்துப் பதினொன்றாம் ஆண்டு தவக்காலத்தில் அவள் ஒருசந்தி பிடித்தாள். ஒரு வேளை மட்டும் சாப்பிடும் நோன்பு அது, எங்கள் வீடுகளில் வழக்கம்தான். அந்த ஒரு வேளை பாதியானது. பாதியும் தட்டில் அளைந்துவிட்டு எழுந்து போவதானது. உபதேசியார் கோயிலில் என்ன சொன்னார்? "நம்ம ஜெர்லினைப் பாருங்க, இந்த வயசுல என்னா ஒரு தவம்" என்றார். தான் மேடையில் இருப்பதால் நான் சொல்லாமல் விடுவேன் என்று அவர் நினைக்க வேண்டாம். அன்று அவர் போட்டிருந்த சட்டையின் நிறம்கூட எனக்கு நினைவிருக்கிறது.

ஈஸ்டர் வந்தது. ஊரே கறி சமைத்தது. ஜெர்லின் சாப்பிடவில்லை. "ஒருசந்தி முடிஞ்சிடுச்சிடி" என்றால், "தொடையைப் பாரு ஆயா, எவ்ளோ சதை" என்று எலும்பின் மேல் தோலைக் கிள்ளிக் காட்டினாள். பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள், "காத்துகருப்பா இருக்கும், திருவக்கரைக் காளி கோயிலுக்கு இட்டுக்கினு போ" என்றாள். பள்ளிக்கூடத்தில், "வீட்ல செல்லம் குடுத்து வளத்த திமிரு" என்றார்கள். அவள் மயங்கி விழுந்த பிறகுதான் டாக்டர் ஆனந்தராஜிடம் போனோம். ஊரில் அவருக்குப் பைத்தியக்கார டாக்டர் என்று பெயர்.

முதல் நாளே எனக்கும் அவருக்கும் சண்டை. தூக்கு நிறையச் சோறும், வேர்க்கடலையை இடித்துப் பிடித்த மல்லாட்டை உருண்டையும் கொண்டுபோயிருந்தேன்.

"ஆயா, தூக்கோட வெளிய நில்லுங்க."

"பட்டினி கெடக்குற புள்ளைக்குச் சோறு போடக் கூடாதா? நீயெல்லாம் ஒரு டாக்டரா?"

"ரொம்ப நாள் காஞ்ச ஒடம்பு ஆயா. ஜல்தி ஜல்தியா ரொப்பினா தாங்காது, உயிருக்கே ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குடுக்கணும்."

அவர் சொன்னது சரி என்று பிறகு தெரிந்தது. சரியாக இருந்தால் என்ன? என்னை வெளியே நிறுத்தினாரே. பார்க்கும்போதெல்லாம் சொல்லிக்காட்டுவேன். "கேஸ் போடுங்க ஆயா, கோர்ட்ல பாத்துக்கலாம்" என்பார்.

நோயின் பெயர் அனோரெக்சியா, சதை போட்டுவிடுமோ என்று பயந்து சோற்றையே விடும் நோய். இந்த நோய் வந்தவர்களின் மூளையைப் படம் எடுத்து அவர் ஆராய்ந்து வந்தார். ஜெர்லினையும் படம் எடுக்கலாமா என்று அவர் கேட்டபோது, "திமிருன்னு ஊரே சொல்லுது, திமிரு படத்துல தெரியுமா?" என்றேன். சிரிக்கவில்லை அவர். மேசை மேல் விரலால் கோடு இழுத்தார்.

"மூளையில சாம்பலா இருக்குற எடம் ஊரு மாதிரி. வெள்ளையா இருக்குறது ரோடு மாதிரி. திண்டிவனத்துச் சேதி விழுப்புரம் போவ ரோடு வேணும்ல? இந்த நோய் இருக்குறவங்க படத்தையும் இல்லாதவங்க படத்தையும் நெறைய வெச்சிப் பாத்தா, அந்த வெள்ளை ரோட்டுல சில எடத்துல வித்தியாசம் தெரியுது."

"ரோடு கெட்டதால சாப்புடலையா? சாப்புடாததால ரோடு கெட்டுச்சா?"

"தெரியல ஆயா. யாருக்குமே இன்னும் முழுசாத் தெரியல. ஒரு புள்ள படத்த மட்டும் வெச்சி நோயின்னும் சொல்ல முடியாது. ஆனா சாப்புட்டுத் தேறினவங்களுக்குப் பெரும்பாலும் அது சரியாகிக்கினு வருது."

தெரியல என்றார். கேட்டீர்களா? உபதேசியாருக்குத் தவம் என்று தெரிந்தது. கெங்கம்மாளுக்குக் காத்துகருப்பு என்று தெரிந்தது. பள்ளிக்கூடத்துக்குத் திமிர் என்று தெரிந்தது. படித்த மனிதர் ஒருவர்தான் தெரியல என்றார். அன்றைக்குத்தான் அவரை நம்பினேன்.

எனக்கும் ஒரு வேலை கொடுத்தார். "அவ சாப்புடும்போது பக்கத்துல உக்காந்து நீங்களும் சாப்புடுங்க. திட்டாதீங்க. கெஞ்சாதீங்க. எழுந்து மட்டும் போயிடாதீங்க." உட்கார்ந்தேன். தட்டு வீசினாள், உட்கார்ந்தேன். என்னைக் கிழவி என்றாள், அதையும் மறக்கவில்லை, உட்கார்ந்தேன். பிள்ளை தேறினாள். பள்ளிக்கூடம் போனாள்.

முந்தாநாள் செய்தி வந்ததும் ஜெர்லின் தட்டைத் தள்ளிவிட்டாள். "டாக்டர் வூட்டம்மாவே ஒண்ணும் சாப்புடலியாம். நான் எப்படி சாப்புடுவேன் ஆயா?" துக்கத்தில் சாப்பிடாமல் இருப்பது நம் மரியாதை. ஆனால் அந்த அழுகைக்கு நடுவே அவள் முகத்தில் ஒரு நிம்மதியைப் பார்த்தேன். அந்தத் தவக்காலத்தில் பார்த்த அதே நிம்மதி. நம் பட்டினி நாளைக்கு முடிந்துவிடும். அவளுடையது முடியுமா?

மாசிலாமணி ஐயா, அவர் கூடவே இருந்து பார்த்தவர் நீங்கள், அவர் பாதியில் விட்ட ஆராய்ச்சியை விட்டுவிடக் கூடாது. உபதேசியாரே, பிள்ளைகள் பட்டினி கிடப்பது தவம் அல்ல என்று வரும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சொல்லுங்கள். சொன்னாலும் நான் உங்களை மன்னிக்க மாட்டேன். ஆனாலும் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்தது உட்காருவது ஒன்றுதான். டாக்டர் கொடுத்த அந்த வேலையை, உயிர் உள்ளவரை, எந்தப் பிள்ளைக்காகக் கூப்பிட்டாலும் போய்ச் செய்வேன்.

அடுத்து மௌன அஞ்சலி என்றார் தலைவர். அதற்கு முன்னால் ஒரு காரியம் இருக்கிறது. அன்றைக்கு அவர் வெளியே நிறுத்திய அதே தூக்கை இன்றைக்கு உள்ளே கொண்டுவந்திருக்கிறேன். தயிர்சாதம்தான்.

கவிதா, கை கழுவிக்கினு வாம்மா. உன் துக்கத்துல கேக்கக் கூடாத ஒண்ணைக் கேக்குறேன். நீ ஒரு வாய் எடு. பின்னாடி ஒருத்தி உன்னையே பாத்துக்கினு இருக்கா.

ஜெர்லினு, நீயும் வா. நானும் முந்தாநாள்லேர்ந்து சாப்புடல. பக்கத்துல வந்து உக்காரு.