சட்டையில இருக்கற படம்

பாலு, சாப்பாடு எல்லாம் வெளிய எடுத்து வச்சாச்சுல்ல? சரி. கொஞ்சம் இருங்கக்கா, பூச்சி மருந்து இன்னும் கலக்கல. காரணம் இருக்கு, சொல்றேன்.

எம் பொண்ணு லீவுக்கு ஒரு கிளாஸ் போறா, நூலகத்து மாடியில. பூச்சி கிளாஸ். ஆமா, பூச்சியேதான். நத்தை, மண்புழு, மரவட்டை, சிலந்தின்னு இந்த ஊர்ல இருக்கறதெல்லாம். முதுகெலும்பு இல்லாத உயிருங்களாம். அப்ப எங்க மேனேஜரையும் சேத்துக்குவாங்களான்னு கேட்டேன். அவ சிரிக்கல. முன்னாடியெல்லாம் நான் வாயத் தொறந்தாலே சிரிப்பாக்கா.

இப்ப எதுக்கெடுத்தாலும் சார்தான். சார் கையில நத்தை ஊருச்சாம். சார் சிலந்திய அடிக்கவே மாட்டாராம், காகிதத்துல ஏத்தி ஜன்னல் வழியா விட்டுருவாராம். கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. எம் பொண்டாட்டி வேற, நீங்களும் அவர மாதிரி கொஞ்சம் பொறுமையா பேசலாமேங்கறா. எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்க.

ஒரு நாள் கூப்பிடப் போனப்ப பாத்தேன். சின்னப் பையன்தான் அந்த சாரு, மீசைகூடச் சரியா வரல. தோட்டத்துல குப்புறப் படுத்துக் கெடக்காரு, பக்கத்துல எம் பொண்ணும் படுத்துக் கெடக்கா. ரெண்டு பேரும் ஒரு மரவட்டையப் பாத்துட்டு இருக்காங்க. நான் வந்து நின்னதே அவளுக்குத் தெரியல. அவ கண்ண விரிச்சு என்னைய அப்படிப் பாத்து எவ்வளவு நாளாச்சு.

திரும்பி வர்றப்ப, அப்பா நீங்க இனிமே ரோட்டுலயே நில்லுங்கன்னா. ஏம்மான்னேன். சட்டையில படம் இருக்குல்லன்னா. இதான்க்கா அது, எங்க கம்பெனி படம். கரப்பான் மல்லாக்க செத்துக் கெடக்கு பாருங்க. இத்தன வருஷமா போட்டுட்டுத் திரியறேன், அன்னிக்குத்தான் குனிஞ்சு அத நல்லா பாத்தேன்.

கண்ணா? ஒண்ணுமில்ல, மருந்து நெடி. ஆமா, இன்னும் கலக்கலதான்.

நாளைக்குக் கிளாஸ் முடியுது. புள்ளைங்க ஒவ்வொண்ணும் அப்பாவோ அம்மாவோ கூடச் சேர்ந்து ஏதாவது ஒரு உயிரப் பிடிச்சு டப்பாவுல கொண்டு வரணுமாம். எங்கிட்ட அவ மூச்சு விடல, பொண்டாட்டி சொல்லித்தான் தெரியும். பொண்டாட்டிக்குப் பூச்சின்னாலே ஆகாது. எம் பொண்ணு அந்த சார்கிட்ட, எங்க அப்பா வெளியூர் போயிருக்காருன்னு சொல்லிட்டாளாம். அதுக்கு அவரு, பரவால்ல, கிளாஸ் விட்டதும் நான் உன்கூட வந்து தேடறேன்னாராம். நல்ல மனுஷன்தான். அதான் இன்னும் எரியுது.

அதனாலதான்க்கா... தொட்டிக்கு அடியில பெரிய சிலந்தி, வயித்துல வெள்ளையா வட்டமா என்னமோ ஒட்டிட்டு இருக்குன்னு போன்ல சொன்னீங்கல்ல? அது முட்டைப் பை. எம் பொண்ணு சொல்லித்தான் எனக்கே தெரியும். அத அப்படியே தூக்கிட்டே திரியுமாம், கீழ விடாதாம்.

இன்னிக்கு மருந்து அடிக்க வேணாம். நாளைக்கு வந்து காசு வாங்காம அடிச்சுத் தர்றேன். சாயங்காலம் வரைக்கும் அது மேல துடைப்பம் மட்டும் படாம பாத்துக்கங்க. இன்னிக்குக் கிளாஸ் விடறதுக்கு முன்னாடி போய் நின்னு, அவள இங்க கூட்டிட்டு வந்துடறேன். அவ பிடிக்கட்டும், நான் டப்பாவப் பிடிச்சுக்கறேன். நான் எதையும் உயிரோட பிடிச்சதே இல்லக்கா.

வேற சட்டை போட்டுட்டுத்தான் வருவேன்.