ஜெசிந்தாவுக்கு ஒரு வரி

ஒவ்வோர் ஆய்விதழுக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. ஒன்று ஆசிரியர் பெயருக்குப் பிறகு காற்புள்ளி கேட்கும். இன்னொன்றுக்கு அது ஆகாது. ஒன்று ஆண்டை அடைப்புக்குறிக்குள் போடச் சொல்லும், மற்றது கடைசியில் தள்ளிவிடும். பலருக்கு எரிச்சலூட்டும் வேலை இது. எனக்குப் பிடித்திருந்தது. நூலகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற பிறகு, கரம்பொனில் என் வீட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து, சிலுவை அடையாளம் போட்டுவிட்டுத்தான் தொடங்குவேன். வைத்தியர்களும் பல்கலைக்கழகப் பிள்ளைகளும் கட்டுரைகளை அனுப்புவார்கள். எதை எங்கிருந்து எடுத்தார்கள் என்று காட்ட முடிவில் வரும் உசாத்துணைப் பட்டியலை இதழ் கேட்கிற ஒழுங்கில் அமைத்துக் கொடுப்பேன்.

எப்படித் தொடங்கியது என்று உங்கள் இதழிலிருந்து கேட்டு எழுதியிருந்தீர்கள். ஒரு பக்க எண்ணில் தொடங்கியது. கட்டுரை அனுப்ப வேண்டிய நாளில், ஒரு நூலின் பக்கத்தைக் குறிக்க மறந்துவிட்டதாக ஒரு பிள்ளை தொலைபேசியில் அழுதாள். பொருத்தமாகத் தோன்றிய ஒரு பக்கத்தை நானே போட்டேன். அவள் நன்றி சொன்ன குரல் அன்று முழுவதும் என் காதில் இருந்தது. பிறகு வேறொருவருக்கு ஓர் ஆண்டு, இன்னொருவருக்கு ஓர் ஆசிரியரின் பெயர். யாருக்கும் கெடுதல் வரவில்லை. உசாத்துணைப் பட்டியலை யாரும் தேடிப் படிப்பதில்லை. அது இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

ஜெசிந்தா எழுவைதீவுப் பிள்ளை. அங்கிருந்து படகில்தான் வரவேண்டும் என்பதால் பள்ளிக்கூடக் காலத்தில் என் வீட்டில் தங்கிப் படித்தாள். மருத்துவம் படிக்கப் போனாள். கடைசி ஆண்டில் காய்ச்சலில் இறந்துபோனாள். அவளுடைய தாய் எமிலி அதற்குப் பிறகு என்னிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"அக்கா, டொக்டர் எண்டு அவளின்ரை பேர் ஒரு இடத்திலையும் எழுதுப்படாமல் போச்சுது."

எங்கள் கோயிலில் இறந்தவர்களின் பெயரை இருக்கை வாங்குகளின் முதுகில் எழுதுவோம். அதற்குப் பின்னாலுள்ள வாங்கில் இருக்கிறவர் யாராயினும், முழங்காலில் நிற்கையில் அந்தப் பெயர் கண்முன் வரும். தெரியாத ஒருவருக்காக ஒரு சிறு செபம் போகும். எனக்கு அது அழகான வழக்கம். பெயர் எழுத வேறு இடங்களும் உண்டு என்று எனக்குத் தோன்றியது.

அந்த நாட்களில் வைத்தியர் சயந்தன் தீவுப் பகுதியில் கடற்பாம்புக் கடி பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். கடிபட்டவரை இரண்டு மணித்தியாலம் வைத்துப் பார்த்து, நோவோ சோர்வோ இல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்பலாம் என்று அதில் ஒரு வசனம். எந்த ஆதாரத்தில் சொல்கிறீர் என்று உங்கள் இதழ் கேட்டிருந்தது.

"எங்கை வாசிச்சனான் எண்டு எனக்கே ஞாபகமில்லை அக்கா. அந்த வசனத்தை வெட்டிவிடுவம்," என்றார் அவர்.

"வெட்டவேண்டாம் டொக்டர். நான் தேடிப் பாக்கிறன்," என்றேன்.

நான் தேடவில்லை. அவருடைய வசனத்துக்கு ஓர் ஆதாரம் வேண்டும், எமிலிக்கு ஒரு பெயர் வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே வரி போதுமாயிருந்தது. தகப்பன் பெயர் அன்ரனிதாஸ், பிறகு ஜெசிந்தாவின் முதலெழுத்து, கட்டுரைக்கு ஒரு தலைப்பு, எப்போதோ நின்றுபோன ஒரு மாணவர் இதழ், தொகுதி, பக்கம். இதழ் கேட்ட ஒழுங்கில், ஒரு புள்ளி பிசகாமல் அமைத்தேன். அந்தக் கட்டுரையை நான் கண்ணால் பார்த்ததாகச் சயந்தனிடம் சொன்னேன். அவர் நம்பினார். நல்ல பிள்ளை.

அச்சாகி வந்த தாளை எமிலியிடம் கொடுத்த நாளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவள், அந்த வரியை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுத் திருஇருதயப் படத்துக்குக் கீழே மாட்டினாள். மற்றவர்களும் அந்த வரியைத் தங்கள் கட்டுரைகளில் எடுத்துப் போட்டார்கள். சில வைத்தியசாலைகளின் சுவரில் இரண்டு மணித்தியாலம் என்று அறிவித்தல் வந்தது. ஒவ்வொரு முறையும் எமிலிக்குச் செய்தி சொன்னேன்.

கிளின்ரன் எமிலியின் மகன், ஜெசிந்தாவின் தம்பி. வலையில் இருந்து மீனைக் கழற்றும்போது பாம்பு கடித்தது. எமிலி அவனைப் படகில் ஏற்றிக்கொண்டு எனக்குத் தொலைபேசி எடுத்தாள். நான் சுடுதண்ணீர்ப் போத்தலில் தேநீரோடு வைத்தியசாலைக்குப் போனேன். அவன் கட்டிலில் காலாட்டிக்கொண்டிருந்தான்.

"எனக்கு ஒண்டுமில்லை மாமி. என்னைக் கடிச்ச பாம்புதான் பாவம், அதைப் போய்ப் பாருங்கோ," என்றான். தாதி கூடச் சிரித்தாள்.

இரண்டு மணித்தியாலம் கழிந்தது. கடைசிப் படகுக்கு நேரமாகியிருந்தது. சயந்தன்தான் அன்று கடமையில் இருந்தார்.

"விடியுமட்டும் வைச்சுப் பாப்பம் அம்மா. எனக்கு மனம் கேக்கேல்லை," என்றார்.

எமிலி நிமிர்ந்து நின்றாள். "டொக்டர், ரெண்டு மணித்தியாலம் போதுமெண்டு என்ரை பிள்ளையெல்லோ எழுதினவள். அவள் பிழையா எழுதமாட்டாள். நாங்கள் படகைப் பிடிக்கப்போறம்."

சயந்தன் என் பக்கம் திரும்பினார். "அக்கா, அந்தக் கட்டுரையை நீங்கள்தானே பாத்தனீங்கள். அதிலை அப்பிடித்தானே கிடந்தது?"

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். கடற்பாம்பு கடித்தால் ஒரு நாள் முழுக்க மறித்து வைக்கவேண்டும், நஞ்சு பிந்தித்தான் வேலை செய்யும் என்று ஜெசிந்தா என் குசினி அடுப்படியில் இருந்து ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்த வரியை அமைத்தபோதும் ஞாபகம் இருந்தது.

எமிலியின் முகத்தைப் பார்த்தேன். மகள் இறந்த பிறகு அந்த முகத்தில் அப்படியொரு பெருமிதத்தை நான் கண்டதில்லை. அத்தனை பேருக்கு முன்னால் அதை அணைக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஓம்," என்றேன்.

இறங்குதுறை வரை கூடப் போனேன். கிளின்ரனின் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டு, தேநீர்ப் போத்தலையும் கையில் கொடுத்துவிட்டேன். பொழுதுபட்ட பிறகு அவனுக்குக் கண்மடல் திறக்கவில்லையாம், கழுத்து நிற்கவில்லையாம். காற்று எழும்பியிருந்தது. திரும்பக் கொண்டுவந்த படகிலேயே மூச்சு நின்றுவிட்டது.

சயந்தன் இப்போது வேலைக்குப் போவதில்லை என்று கேள்விப்பட்டேன். அவருக்காகவும் செபிக்கிறேன்.

நேற்று எமிலி வந்திருந்தாள். "சனம் ஒரு மாதிரிக் கதைக்குது அக்கா. என்ரை பிள்ளை எழுதினது பிழையோ?" என்று கேட்டாள்.

"இல்லை எமிலி. பிள்ளை சரியாத்தான் எழுதினவள். இது வேறை இனப் பாம்பாயிருக்கும்," என்றேன். அவள் என் மடியில் தலைவைத்து அழுதாள். தலையைத் தடவிக்கொடுத்தேன்.

ஆகவே, அந்த வரியை எழுதியது நான். அப்படி ஒரு கட்டுரை இல்லை. பொய்யென்று தெரிந்துகொண்டுதான் கிளின்ரனைப் படகில் ஏற்றினேன். என்னை என்ன செய்தாலும் சம்மதம். ஒரு வேண்டுதல் மட்டும். அந்த வரியை நீக்கிவிடாதீர்கள். அது நிற்கும்வரை எங்கெங்கோ வைத்தியசாலைகளில் இரண்டு மணித்தியாலத்தில் ஆட்களை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று சொல்கிறீர்கள். எனக்கும் தெரியும், அவர்களுக்காக நாள்தோறும் செபமாலை சொல்கிறேன். ஆனால் எமிலிக்கு இனி அது ஒன்றுதான் மிச்சம். ஒரு மனத்தை நோகடிக்கிற காரியம் என் வாழ்நாளில் நான் செய்ததில்லை.