உஸ்தா புர்ஸூ போடாத கிரீஸ்

மேடையில் அமர்ந்திருக்கும் யஸ்து சைக்கிள் சங்கத்துப் பெரியவர்களே, நாம் இன்று அஞ்சலி செலுத்தும் நம் சங்கப் பட்டறையின் ஆசான் உஸ்தா புர்ஸூவின் துணைவியார் மஹீன் அம்மா அவர்களே, அவர் கைபட்ட சக்கரங்களில் ஓடிய தோழர்களே, வணக்கம்.

சற்று முன் நம் தலைவர் கியூமர்ஸ் இதே மைக்கைப் பிடித்துக்கொண்டு, "புர்ஸூ எனக்கு உடன்பிறந்தவன்" என்று அழுதார். அதைக் கேட்ட பிறகு, நான் தயாரித்து வந்த பேச்சைப் பேச எனக்கு வாய் வரவில்லை.

பேரிங்குக்கு எந்த கிரீஸ் என்பதில் உஸ்தா யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும் சரி, கொஞ்சம் எடுத்துத் தண்ணீருக்குள் விரலால் பிசைந்து பார்ப்பார். கழன்று போகாமல் ஒட்டிக்கொண்டால்தான் குண்டுகளுக்குப் பூசுவார்.

ஷீர்கூஹ் மலைப் பந்தயத்துக்கு முந்தைய நாள், என் முன்சக்கரத்துக்கு அப்படித்தான் கெட்டியான கிரீஸ் போட்டார். தலைவர் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார்.

"என்ன புர்ஸூ, கழுதை வண்டிக்கா போடுற? சக்கரம் சுத்தவே மாட்டேங்குது. லேசானதைப் போடு."

"ஸ்டாண்டுல சுத்துறதப் பாத்து மயங்காத கியூமர்ஸ். மேல பனி உருகி, மணலோட ரோட்டுல ஓடுது. லேசானது கழுவிக்கிட்டுப் போயிடும். அப்புறம் இறக்கத்துல இவனை யாரு பிடிக்கிறது?"

தலைவர் சிரித்துக்கொண்டே போனார். உஸ்தா வீட்டுக்குப் போன பின் திரும்பி வந்து, வேறொருவரை வைத்துக் கிரீஸை மாற்றினார். எங்களிடம் சொல்லவில்லை.

மறுநாள் இறக்கத்தில் முன்சக்கரம் இறுகியது. விழுந்தவன் நான்தான். இந்தத் தோள் இன்றும் முழுதாக உயராது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே, கமிட்டி உஸ்தாவை வெளியே அனுப்பிவிட்டது. ஆளைக் கொல்லப் பார்த்தவர் என்று ஊர் பேசியது. அதன்பின் எந்த அணி அவரிடம் சக்கரம் கொடுத்தது? யார் அவர் வீட்டில் தேநீர் குடித்தார்கள்?

என் கட்டிலருகே வந்து தலைவர் கண்கலங்கினார். "நான்தான் மாத்தச் சொன்னேன், தம்பி. கமிட்டியில நானே சொல்லிடுறேன்." நான் நம்பினேன். நான் சொல்லக் கேட்டு உஸ்தாவும் நம்பினார். நான் போய்ச் சொல்கிறேன் என்று துடித்தபோதெல்லாம் தடுத்தார்.

"நீ சொன்னா வெறும் சாட்சி. அவன் சொன்னாத்தான் எனக்கு நியாயம். கூடப் பொறந்தவன் மாதிரி இருந்தான், சொல்லுவான்டா."

அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தே போய்விட்டார். இன்று தலைவர் இங்கே நெடுநேரம் பேசினார். அந்த ஒரு சொல்லைத் தவிர எல்லாவற்றையும் பேசினார்.

தலைவரே, எழுந்துவிட்டீர்களா? மைக் இங்கே இருக்கிறது. நீங்கள் வாசலைப் பார்த்து நடக்கிறீர்கள்.

வழி விடுங்கள், தோழர்களே. அவர் போகட்டும்.

பட்டறைக்கு உஸ்தாவின் பெயரை வைப்பதாக அறிவித்தார். அவரைத் துரத்திய கதவுக்கு மேல் அவர் பெயர் எதற்கு? நாளைக் காலை கமிட்டியின் முன் நிற்கப் போகிறேன். அவர்மேல் போட்ட பழியை எடுக்கும்வரை அங்கிருந்து நகர மாட்டேன். அந்தச் சக்கரத்துக்கு உஸ்தா சரியான கிரீஸைத்தான் போட்டார். இதைச் சொல்ல என்னோடு யார் வருகிறீர்கள்?

மஹீன் அம்மா, நீங்கள்தான் முதலில் எழுந்து நிற்கிறீர்கள்.