அளவு ஜாக்கெட்டு

— இது என் ஜாக்கெட்டே இல்லக்கா. எவளோடதையோ எடுத்து எங்கிட்ட நீட்டுதீங்க.

— இன்னா கண்ணு பேசற? நீ குட்த்த கருப்புத் துணி, நீ குட்த்த சந்தனக் கலரு. பட்டியில ஒம் பேரு எழுதி காயிதம் குத்தி கீது பாரு. ஞானசௌந்தரி. எழுதறதுக்குள்ள என் கை ஒடிஞ்சி பூட்ச்சி.

— பேரு இருந்து என்ன செய்யதுக்கு? அந்தத் தட்டி மறைவுல போட்டுப் பாத்துட்டுத்தான் வாரேன். தோள்பட்டை வழியுது. கைக்குள்ள ரெண்டு கை போவுது. எங்கூட இன்னொரு ஆளும் உள்ள நுழையலாம்.

— தோ பாரு. கன்னியம்மா தையலுன்னா இரும்புலியூர்லேந்து பீர்க்கன்கரணை வரிக்கும் கேட்டுப் பாரு. பதினெட்டு வருசமா மிதிக்கிறேன் இந்த மிசினை. ஒருத்தி வந்து லூசுன்னு சொன்னதில்ல.

— அப்பம் நான்தான் மொத ஆளு. எழுதி மாட்டி வைங்க.

— அம்மாடி, வாயப் பாரு! இன்னாத்துக்கு இப்டி மூச்சு வாங்கற? குந்து மொதல்ல. டீயும் பன்னும் வாங்கியாரச் சொல்றேன்.

— ஒன்னும் வேண்டாம். சாப்ட்டுட்டுத்தான் வந்தேன். ஜாக்கெட்டுக்குப் பதில் சொல்லுங்க.

— இதுல இன்னா பதிலு? முதுகாண்ட ஒரு ஊக்கு குத்திக்கினா ஆச்சி. மேல முந்தானி வரப்போவுது, எவ பாக்கப் போறா?

— ஊக்கா? ஊக்கு குத்துதத விடணும்னுதானக்கா இந்தப் பாடு! அஞ்சு மாசமா ஊக்குலதான் ஓடுது என் பொழப்பு.

— கத்தாத. பக்கத்து வூட்ல கொழந்த தூங்குது.

— கத்துவேன். உங்களுக்கு இது ரெண்டு ஜாக்கெட். எனக்கு அப்படியில்ல. மூணு சேலை எடுத்திருக்கேன். சாம்பல், கருநீலம், காப்பிக்கொட்டைக் கலரு. கரை கெடையாது, பூ கெடையாது. எந்தச் சேலைக்கும் இந்த ரெண்டுல எதுவும் சேரும். திங்கக்கிழமை சாம்பலுக்குக் கருப்பு. செவ்வாய் நீலத்துக்குச் சந்தனம். புதன் காப்பிக்குக் கருப்பு. வியாழன் மறுபடியும் சாம்பல், ஆனா சந்தனத்தோட. ஒன்ன போடணும், ஒன்ன தொவைக்கணும். ஆறு நாளும் ஒன்னு மாதிரி இன்னொன்னு இருக்காது.

— அடி ஆத்தா! மூணுக்கு ரெண்டு வாங்கி ஆறாக்கிட்டியா? மூளைக்காரிதான். ஆனா கலரு இன்னா கலரு அது? கருமாதிக்குப் போறா மாதிரி. வயசுப் பொண்ணு, ஷோக்கா ரோசுல ஒன்னு எடுக்கறத வுட்டுட்டு...

— ஷோக்கா உடுத்திப் பட்டது போதும். அம்மை ஊர்ல எடுத்துத் தந்தது ரெண்டே ரெண்டு. ஒன்னு கிளிப்பச்சை, ஒன்னு மாம்பழ மஞ்சள். மாத்தி மாத்திக் கட்டிட்டு கிண்டிக்குப் போனேன். ஆபீஸ்ல எனக்கு என்ன பேரு தெரியுமா? சிக்னல்.

— சிக்னலா?

— பச்சை, மஞ்சள். லோகநாயகின்னு ஒருத்தி, டைப் அடிச்சுக்கிட்டே கேக்கா, சிகப்பு எப்பம்டி எரியும்னு. அத்தன பேரும் சிரிக்காங்க. கேஷியர் சத்தியநாதன் சாரு என்னைப் பாத்ததும் சடன் பிரேக் போட்ட மாதிரி நிக்காரு. அதுக்கும் ஒரு சிரிப்பு.

— ஐயே... கோச்சிக்காத கண்ணு, எனக்கே சிரிப்பு வந்துடுச்சி.

— சிரிங்க. நீங்க ஒராளுதான் பாக்கி.

— சரி சரி, சிரிக்கல. அதுங்களுக்கு வேல இல்ல, அதான் பேஜார் பண்ணுதுங்க. நீ இன்னாத்துக்கு அதுங்களுக்காவ மாத்திக்கற?

— அவங்களுக்காக ஒன்னும் இல்ல! அந்தச் சாம்பல் சேலைய எடுத்து ஹாஸ்டல் கண்ணாடி முன்னால மேல போட்டுப் பாத்தேன். இந்த ஊருக்கு வந்து மொத தடவையா, ஆமா, இது நான்தான்னு தோணிச்சு. அதப் போயி சாக்கு மாதிரி தச்சுக் கெடுத்துட்டீங்க.

— இன்னா சொன்ன? சாக்கா?

— சாக்குதான். இப்பமே பிரிச்சுத் தச்சுத் தாங்க. திங்கக்கிழமை நான் இதப் போட்டுத்தான் போவணும்.

— நாளிக்கு கூடுவாஞ்சேரில நாத்தனார் பொண்ணுக்குக் கண்ணாலம். விடிகாலை வண்டிக்கிப் போவணும். மருதாணி கூட வெக்கல நானு. இப்பத்திக்கி முடியாது.

— அப்பம் ரெண்டையும் கிழிச்சு அடுப்படித் துணியா வச்சுக்கிடுங்க! மெஷினுக்கு முன்னால உக்காந்தவங்கல்லாம் டெய்லரா?

— ஏய்! நிறுத்துடி! பொறுத்துப் பொறுத்துப் போறேன், ஏறிக்கினே போற? தோ, நீ குட்த்த அளவு ஜாக்கெட்டு. வெள்ள, கையில லேசு வெச்சது. இது ஒன்னோடதா, இல்ல இதுவும் எவளோடதோவா?

— என்னோடதுதான். கிறிஸ்மஸுக்கு ஊர்ல தச்சது. கோயிலுக்குப் போட்டுட்டு பொட்டிக்குள்ள வச்சேன்.

— பொட்டிக்குள்ள கெடந்தத இன்னாத்துக்குக் குட்த்த? தெனிக்கும் போடறத குடுக்கறதுதான?

— அது ரெண்டும் தொளதொளன்னு ஆயிட்டு. இங்க உள்ள உப்புத் தண்ணில தொவைச்சுத் தொவைச்சு.

— தண்ணில தொவைச்சா துணி சுருங்கும். எந்த ஊரு தண்ணில வளருது?... சரி, டேப்ப நீயே பாரு. அளவு ஜாக்கெட்டு, மாரு முப்பத்திநாலு. நான் தச்சது?

— முப்பத்திநாலு.

— கை?

— பத்தரை. ரெண்டும் பத்தரை.

— நூலு தப்பியிருந்தா மிசினைத் தூக்கி ஏரில கடாசிட்டுப் போறேன். சாக்காம், சாக்கு!

— உங்க டேப்பு நைஞ்சு போயிட்டு. இழுத்தா இழுத்த பக்கம் வருது.

— கையத் தூக்கு.

— எதுக்கு?

— அளவு ஜாக்கெட்டு இருந்தாக்கா நான் யாரு உடம்புலயும் டேப்பு வெக்க மாட்டேன். இன்னிக்கி வெக்கறேன். தூக்கு.

— சீக்கிரம். எனக்கு நேரமாவுது.

— முப்பத்தொன்னு.

— தப்பாப் புடிக்கீங்க.

— மறுக்கா புடிக்கறேன். நேரா நில்லு... முப்பத்தொன்னு. கிறிஸ்மஸு போயி எத்தினி மாசமாச்சி?

— ஆறு.

— காத்தால இன்னா துன்ற?

— எட்டு மணிக்குத்தான் ஹாஸ்டல்ல இட்லி எறங்கும். நான் ஏழே முக்காலுக்கு ஸ்டேஷன்ல நிக்கணும். மத்தியானத்துக்குக் கட்டித் தந்துருவாங்க. அதெல்லாம் நல்லாத்தான் சாப்பிடுதேன். நீங்க ஜாக்கெட்டப் பாருங்க.

— அந்தப் பைய நவுத்து, துணி மேல கீது... இன்னாது, இந்தக் கனம் கனக்குது?

— அதத் தொடாதீங்க!

— டிபன் டப்பா. மணி ஆறாவுது, மூடி வரிக்கும் ரொம்பி கீது. ஐயோ, சாம்பார் சாதம், ஊசிப் பூட்ச்சிடி.

— மூடுங்கக்கா. போற வழியில நாய்க்குப் போட்டுருவேன்.

— இன்னிக்கா, தெனிக்குமா?

— டப்பாவத் தாங்க மொதல்ல.

— சொல்லு.

— தெனமும்.

— பாவி! கண்ணு, என் தையலு பெருசாவல. நீ பாதியா பூட்ட. ஏண்டி, ஆபீசுல மத்தியானம் துன்ன வுட மாட்டானுங்களா?

— விடுவாங்க. ஒரு மணிக்கு. தனி ரூமு இருக்கு, நீள டேபிள் போட்டு.

— அப்பால இன்னா கேடு?

— எல்லாரும் மொதல்லயே போயி உக்காந்திருவாங்க. வாசல்லேருந்து கடைசி ஸ்டூல் வரைக்கும் அவங்க முன்னாலதான் நடக்கணும். மொத வாரம் போனேன். நான் உள்ள கால வச்சதும் லோகநாயகி, "பச்சை விழுந்துட்டு, எல்லாரும் போலாம்"னா. ஒராளு பாக்கியில்லாம டப்பாவத் தூக்கிட்டு எந்திரிச்சாங்க.

— அன்னிலேந்து நீ அந்தப் பக்கமே போவல?

— ஜாக்கெட்ட ரெண்டு பக்கமும் புடிச்சுத் தச்சுத் தாங்கக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். திங்கக்கிழமை அந்த ரூமுக்குள்ள நடந்து போயி, உக்காந்து சாப்பிடதுக்குத்தான் இதத் தைக்கவே குடுத்தேன்.