நீர் மாத்திரை

உப்பில்லாத ரசம் எனக்கு நன்றாக வைக்க வரும். என் மனைவி சாவித்ரிக்கு இதயம் பலவீனமான பிறகு, செங்கல்பட்டு வீட்டில் அவள் சாப்பாடு, குளியல், மருந்து எல்லாம் என் கையால்தான். வேறு ஆளை விடவில்லை. தினமும் காலையில் எடை பார்ப்பேன். கால் வீங்கியிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்ப்பேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

நீர் மாத்திரைதான் தொந்தரவு. உடம்பில் தேங்கும் நீரை அது வெளியேற்றும். போட்டுக்கொண்டால் அடக்க முடியாது. பேத்தி மானசாவின் நிச்சயதார்த்தத்துக்கு நாவலூர் போயிருந்தோம். சம்பந்தி வீட்டு சோபாவில் சாவித்ரி எழுந்த இடம் நனைந்திருந்தது. சம்பந்தியம்மாள் உறையைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால் தேவலை. கோயிலில் முதல் தீர்த்தம் வாங்கிய வம்சம் எங்களுடையது.

கல்யாணம் மாமல்லபுரத்தில், கடலோர மண்டபத்தில். அதற்கு முந்தைய வாரமே நீர் மாத்திரையை நிறுத்தினேன். அதே அளவில் ஒரு சத்து மாத்திரையைக் கொடுத்தேன். எடை ஏறியது. மெட்டி விரலுக்குள் புதைந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்கினாள்.

"ஏன்னா, மாத்திரையை மாத்திட்டேளா? ஒண்ணுக்கே வரமாட்டேங்கறது."

"டாக்டர்தான் மாத்தினார். நல்லதுதானே, சபையில நிம்மதியா உக்காரலாம்."

"உங்களுக்குச் சபை, எனக்கு மூச்சு," என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாயிற்று.

ஊஞ்சல் முடிந்து மணமக்கள் மணமேடைக்கு வந்தபோது சாவித்ரி முன்வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவைகூட எழவில்லை. சம்பந்தியம்மாளே வந்து, "மாமி என்ன கம்பீரமா இருக்கேள்" என்றாள். அவள் நகர்ந்ததும் சாவித்ரி என் அங்கவஸ்திரத்தைப் பிடித்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்னா."

முகூர்த்தம் முடியட்டும் என்றேன்.

கெட்டிமேளம் முழங்கும்போது அவள் தலை சாய்ந்தது. பட்டுப்புடவை நனையத் தொடங்கியது. எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவள் மடியில் கவிழ்த்தேன். அதன் பிறகே டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன். அவர் வருவதற்குள் அவள் போய்விட்டாள். மயங்கியவளுக்குத் தண்ணீர் கொடுக்கப்போய்க் கிழவருக்குக் கை தவறிவிட்டது என்று எல்லோரும் பரிதாபப்பட்டார்கள்.

நான் சொம்பைத் தேடிப் போனபோது அம்மாவுக்கு மூச்சு இருந்தது என்கிறாள் என் மகள் மீரா. இருந்தது. பார்த்தேன். மாத்திரையை எழுதுங்கள், மூச்சை எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்தப் புடவை எதனால் நனைந்தது என்பதை மட்டும் எழுத வேண்டாம். அவள் மானம் என் பொறுப்பு.