வலது மூலை

இல்லண்ணே, நான் கண்ணால பாக்கல. ஸ்டோர்ல இருக்காங்களே ஆயிஷா அக்கா, அவங்க சொல்லித்தான் எனக்கே தெரியும். கூட்டாம கொறைக்காம அப்படியே சொல்றேன். தே குடிங்க, ஆறிடும். நாளைக்கு ரகுபதி அண்ணன் எடத்துல சூப்பர்வைசரா நிக்கப் போறீங்க, தெரிஞ்சுக்கிட்டுப் போறது நல்லதுலா. நான் சொன்னேன்னு மட்டும் வெளிய சொல்லிடாதீங்க. எங்க வீட்டுல மொதல் டிகிரி நான், வேலைக்கு ஒண்ணுன்னா அம்மா தாங்காது.

நம்ம பொங்கோல் சைட்டுல பழைய புல்டோசர் ஒண்ணு நிக்கும். சேதுபதிதான் ஓட்டுவாரு. அவரு தள்ளுற தரையில வலது ஓரமா மண்ணு வரப்பு மாதிரி நின்னுக்கிட்டே இருந்துச்சாம். என்னடான்னு பிளேடை சிமெண்ட் தரையில எறக்கி வச்சுப் பாத்திருக்காரு. இடது மூலை தரையோட ஒட்டிக்கிச்சு. வலது மூலைக்கு அடியில கையே உள்ள போச்சு. அந்த மூலையில போல்ட் போட்டு மாட்டுற இரும்புத் துண்டு தேஞ்சிருச்சு, அவ்வளவுதான். புதுசு ஸ்டோர்லயே கெடக்கு. ரகுபதி அண்ணன் சரின்னு சொன்னாப் போதும்.

எங்க சொன்னாரு? பிளேடுல என்னடா கோளாறு, ஒன் கையிலதான் கோளாறுன்னாரு. எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்குற எடத்துல. சிரிச்சாங்களாம். மறுநாள் மெஷின்லேர்ந்து எறக்கி, கேட்டுல லாரி டயர் கழுவ விட்டுட்டாரு. வேலை பெர்மிட்ட ரினியூ பண்ண விடமாட்டேன், ஊருக்கே அனுப்பிடுவேன்னும் சொல்லிட்டாரு.

சண்டையா? அதெல்லாம் இல்லண்ணே. டயர் கழுவுறாரு, சிரிக்கிறாரு. அந்தச் சிரிப்பப் பாத்துதான் ஆயிஷா அக்காவுக்குப் பயம். பாவமேன்னு புதுத் துண்டையும் மெஷின் சாவியையும் அவங்கதான் எடுத்துக் குடுத்தாங்க. ஞாயித்துக்கெழம வந்து மாட்டி ஓட்டிப் பாத்திருக்காரு. தண்ணி ஊத்துனா ஓடாது, தரை அப்படி மட்டம்.

இருங்க, இனிமேதான் இருக்கு. மாட்டுனத அவரே கழட்டிட்டு, தேஞ்ச துண்டையே திரும்ப மாட்டிட்டுப் போயிட்டாரு.

ஏன்னா மறுநாள் கிளையண்ட் வராங்க. நானே ஓட்டிக் காட்டுறேன் பாருங்கடான்னு ரகுபதி அண்ணன் மார்தட்டியிருந்தாரு. ஓட்டுனாரு. வலது பக்கம் வரப்பு. பின்னால வந்து மறுபடி தள்ளுனாரு. இன்னும் பெரிய வரப்பு. வேர்த்து ஊத்துது. சேதுபதி டயர் கழுவுற ஓஸோட மெதுவா வந்து, கையில கோளாறாண்ணேன்னு கேட்டிருக்காரு. ஆத்திரத்துல அத்தன பேர் முன்னாடியும் ரகுபதி அண்ணன் கத்திட்டாரு, பிளேடு தேஞ்சு போச்சுடான்னு. கிளையண்ட் அம்மா கேட்டாங்க, தெரிஞ்சே ஏன் மாத்தலன்னு. அவ்வளவுதான். இப்ப ரகுபதி அண்ணன் ஊர்க்கோடியில துவாஸ்ல குடோன் பாத்துக்கிட்டு இருக்காரு. சேதுபதி புதுத் துண்ட மாட்டிக்கிட்டு மறுபடி மெஷின்ல ஏறிட்டாரு.

நல்லவருதாண்ணே, யாரு இல்லைன்னா. நேத்து நீங்க சைட்டச் சுத்திப் பாக்க வந்தப்ப, ஆயில் ஓஸ் கசியுதுன்னு அவரு சொன்னாராமே. ஒன் வேலையப் பாருன்னுட்டீங்களாமே. சிரிச்சாராம்.

அதுவும் கேட்டதுதான். கேட்டத நம்பக்கூடாதுன்னு சாயந்தரம் நானே போய்ப் பாத்தேன். அந்தத் தேஞ்ச துண்ட அவரு தூக்கிப் போடல. துருப்பிடிக்காம கிரீஸ் தடவி, சாக்குல சுத்தி, மெஷின் சீட்டுக்குப் பின்னாடி வச்சிருக்காரு.